மதலேன் குழியில் படர்ந்த அடம்பு

இழுத்தால் வந்துவிடும் என்றுதான் பிரகாசி நினைத்து வந்திருந்தாள். வீட்டுப் பின்புறம் முளைக்கிற குப்பைமேனியைப் போலத் தலையைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் வேரோடு கைக்கு வந்துவிடும், கொஞ்ச நேரத்து வேலை, புருஷன் கஸ்பாரின் வள்ளம் கரைக்கு வருமுன் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிடலாம் என்று. ஆனால் இது அடம்பு. ஒரு முழம் சொன்னபடி கேட்டுக்கொண்டு வருகிறது, அப்புறம் மண்ணுக்கடியில் யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறது. கணுவுக்குக் கணு வேர். ஒன்றைத் தோண்டி அறுத்தால் சாண் தள்ளி இன்னொன்று. சுடுமணலும் உப்புக்காற்றும்தான் சாப்பாடு, அதற்கே இந்தத் தடி, இந்தப் பச்சை. இலை ஒவ்வொன்றும் ஆட்டுக் குளம்பாகப் பிளந்து, காலையில் விரிந்த ஊதாப் பூவெல்லாம் உச்சி வெயிலில் சுருண்டு, மதலேன் குழியைச் சிலுவையிலிருந்து கால்மாடு வரைக்கும் மூடிக் கிடந்தது. குளுகுளுவென்று படுத்திருக்கிறாள் மகராசி. மற்றவர்கள் குழியெல்லாம் மொட்டை மணலாகக் காய்கிறது. கஸ்பாரின் மூத்த பெண்டாட்டிக்கு மட்டும் பச்சைப் பந்தல், அவர்தான் நட்டிருப்பார். உயிரோடிருக்கிற இளையவள் வீட்டுக் கூரையில் ஓட்டை, ஓலை மாற்றித் தாருங்கள் என்று ரெண்டு மழைக்காலமாகச் சொல்லியாகிவிட்டது, பாப்போம் என்கிறார். பாப்போமாம். தினம் பொழுது சாய இங்கே வந்து உட்காருகிற நேரத்தில் ரெண்டு ஓலையை எடுத்துச் சொருகினால் கை தேய்ந்தா போகும். பிரகாசி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

நாளைக் கழித்து கல்லறைத் திருநாள். ஊர் முழுக்க மணல்மேட்டுக்கு ஏறிவந்து அவரவர் குழியைத் துப்புரவு செய்து, சரிந்த மண்ணை அணைத்து, சிலுவைக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரி கொளுத்துகிற நாள். அதுதான் பிரகாசிக்கு வசதியாகப் போயிற்று. வேறு எந்த நாளில் வந்து இந்தக் கொடியில் கை வைத்தாலும் என்ன ஏது என்று கேள்வி வரும். திருநாளுக்கு முந்தி வந்து பிடுங்கினால் அது புண்ணியம். களை எடுத்தேன் என்று கஸ்பாரிடம் சொல்லலாம். நீங்க கடலுக்குப் போயிட்டிய, காடா கெடந்துச்சி, நான்தான் போயி சுத்தம் பண்ணிட்டு வந்தேன் என்று முகத்தைக் கழுவித் துடைத்த மாதிரி வைத்துக்கொண்டு சொல்லலாம். அப்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதற்காகவே ராத்திரியெல்லாம் தூங்காமல் யோசித்து, மாமியாருக்குக் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டு, அரிவாள்மணை ஒத்துவராது என்று மீன் அறுக்கிற கத்தியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். திருட்டு வேலைக்கு வருகிறவள் போல ஓரமாக ஒதுங்கியே வந்தாள், வழியில் யாராவது எங்கே என்று கேட்டால் நாக்குக் குழறிவிடுமோ என்று. யாரும் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கிழவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுவும் ஒரு மாதிரி எரிச்சலாகத்தான் இருந்தது. மதலேன் தெருவில் நடந்தால் ஊரே எழுந்து நின்றதாமே, அப்படியொரு நடையாமே.

"ஏ பிரகாசி, ஒத்தையிலயா கெடந்து மல்லுக்கட்டுத?" சலேத்தக்காவின் குரல். பக்கத்துத் தெரு சலேத், புருஷன் குழிக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்புச் சட்டியோடு ஏறி வந்தவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "கஸ்பாரு வரட்டும்னு இருக்கலாம்லா?" திருநாள் வருகிறதே அக்கா, பார்க்கச் சகிக்கவில்லை என்று பிரகாசி சொன்னாள், குரல் பிசிறில்லாமல் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். சலேத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்த இளையா வந்து மூத்தவ குழிய இப்பிடித் துப்புரவு பண்ணுவா, சொல்லு. ஒனக்கு மாதா ஒரு கொறையும் வைக்கமாட்டாட்டி." பிரகாசி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று சலேத் நினைத்திருப்பாள். "ஆனா ஒண்ணு, ரொம்ப ஒட்டப் பிடுங்கிராத. போன கச்சான் காத்துல இந்தக் கோடியில எத்தன குழி தெறந்து போச்சி தெரியுமா? எங்க சின்ன மாமன் குழியில எலும்பே வெளிய வந்துட்டு. மதலேன் குழி மட்டும் அச்சு மாதிரி இருந்துச்சி. எல்லாம் இந்தக் கொடி பிடிச்ச பிடிதான். அவ குணத்துக்கு மண்ணுகூட அவள விட மனசில்லாம கெடக்கு." சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போனது போனாள், அந்தக் கடைசி வார்த்தையைப் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டாம். மண்ணுக்கும் மனசு வந்துவிட்டது மதலேன்மேல். காற்று வந்தால் ஒதுங்கிப் போகிறது. கடலும் ஒருநாள் எழுந்து வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகும், யார் கண்டது.

வள்ளத்துக்கே அவள் பேர்தானே. புனித மதலேன் என்று முன்பக்க அணியத்தில் பெரிதாக எழுதி, வருஷா வருஷம் சாயம் பூசும்போது அந்த எழுத்தை மட்டும் கஸ்பார் வேறு யாரிடமும் விடாமல் தன் கையால் எழுதுவார். கல்யாணமான புதிதில் பிரகாசி ஒருநாள் வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். அது புனிதையோட பேரு ஏளா, அவ பேருன்னா நெனச்ச என்று சிரித்தார். புனிதையோடு யார் சண்டை போட முடியும்? பாவத்தை எல்லாம் அழுது தீர்த்து ஆண்டவர் காலைக் கண்ணீரால் கழுவினவளாயிற்றே. அவளை வள்ளத்திலிருந்து இறக்கு என்று சொன்னால் பிரகாசியைத்தான் ஊர் இறக்கிவிடும். ஆனால் பிரகாச மாதா என்று ஒரு மாதா இருக்கிறாளே, அந்தப் பேரை எழுதினால் கடல் வேண்டாம் என்றா சொல்லும், மீன் வலைக்குள் வரமாட்டேன் என்றா திரும்பிப் போகும். அதைக் கேட்க அப்போது வாய் வரவில்லை. வருகிற வாய் எல்லாம் இப்படி ஆளில்லாத இடத்தில்தான் வரும் அவளுக்கு. வள்ளம் கரையேறும்போது மற்றப் பெண்களோடு அவளும் கை கொடுத்துத் தள்ளுவாள். உள்ளங்கை எப்போதும் அந்த எழுத்துமேல்தான் போய்ப் படும், வேண்டுமென்றே நகர்த்தி வைத்தாலும் வள்ளம் அசைகிற அசைவில் அங்கேயே வந்து நிற்கும். கத்தியால் ஒரு கணுவை அறுத்தாள். வெள்ளையாகப் பால் வந்து விரலிடுக்கில் வழிந்தது. சீ என்று மணலில் தேய்த்தாள், மணல்தான் ஒட்டிக்கொண்டது.

பால் என்றதும் நினைப்பு அங்கே போய்விடும், போகாதே என்றால் கேட்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வாடைக்காற்று நாளில், பேறுகாலம் பார்க்க வந்தவள் விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னதுதான் அவளுக்குக் கடைசியாக ஞாபகம். ஜன்னி வந்து நினைவு தப்பிக் கிடந்து, கண் விழித்தபோது வயிறு காலி, தொட்டில் கட்டுவதற்காக உத்தரத்தில் போட்ட கயிற்றையும் அவிழ்த்து எடுத்துவிட்டார்கள். மூச்சில்லாமலேதான் வந்துச்சி என்று மாமியார் சொன்னாள். ஆணா பெண்ணா என்று கேட்டதற்கு, தெரிஞ்சா மனசு தேடும், கேக்காத என்றாள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டதற்கும் அதே பதில். பெற்றவளுக்கு இடத்தைக் காட்டினால் அடுத்தது தங்காது, இந்தக் கரையில் வழக்கமே அதுதான், எந்தத் தாய் கேட்டாள் எந்தப் புருஷன் சொன்னான். கஸ்பாரிடம் கேட்டாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, வச்சிட்டு வந்துட்டேன் என்றார். அவ்வளவுதான். ஒரு சாமானை எங்கேயோ வைத்துவிட்டு வந்தவர் சொல்கிற மாதிரி. நெஞ்சில் பால் கட்டிக் கல்லாகிப் போய், மல்லிகைப் பூவை அரைத்து வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். மல்லிகை வாசமும் பால் வாசமும் கலந்து வாரக்கணக்கில் உடம்பைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் கோயிலில் முன்வரிசைக்காரி மல்லிகை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் பிரகாசி எழுந்து ஆண்கள் பக்கத்து வாசலுக்குப் போய்விடுவாள். அதெல்லாம் கஸ்பாருக்குத் தெரியுமா. ஒரு சொட்டுக் கண்ணீர் அவர் விட்டுப் பார்த்ததில்லை. கண்ணீர் எல்லாம் இங்கே கொண்டுவந்து மதலேனுக்குக் கொட்டுகிறார், பிள்ளைக்கு மிச்சமில்லை.

தினமும் கொட்டுகிறார். வள்ளம் வந்து, மீன் ஏலம் போய், வீட்டில் வந்து உப்பைக் கழுவிவிட்டு ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி குடித்ததும் ஆள் எழுந்துவிடுவார். எங்கே என்று கேட்கிறதில்லை அவள். கிணற்றடியில் நின்றால் மணல்மேட்டின் கடைசி ஓரம் தெரியும். தண்ணீர் இறைக்கிற சாக்கில் அங்கே நின்று பார்ப்பாள். ஊருக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து, கல்லறைத் தோட்டத்தின் கோடிக் குழியருகில் குந்தியிருப்பார். சில நாள் குனிந்து மண்ணைத் தட்டிக்கொடுப்பார். தட்டிக்கொடுக்கிறார்! பிரகாசிக்கு ஜன்னி வந்தபோது அந்தக் கை எங்கே போயிருந்தது? அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது மாமியார்தான். அந்தக் கை மதலேனைத் தட்டித் தூங்க வைக்கிறதற்கென்று நேர்ந்துவிட்ட கை. முதல்முதலில் அதைப் பார்த்த நாள் அவள் இறைத்த வாளியை அப்படியே கிணற்றுக்குள் விட்டுவிட்டாள். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவர் என்ன கொழம்பு என்று கேட்டார். மனசு கொதித்தது. போய் அவகிட்டயே கேளுங்க, சாளைப் புளிமுளம் அவ வச்சா மாதிரி வருமா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்து, தட்டில் சோற்றைத்தான் வைத்தாள். இதில் மாமியார் வேறு. கண் மங்கினவள், கூப்பிடும்போது ஏ மதலேன் என்பாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். நாக்கைக் கடித்துக்கொள்வதுதான் அதிகம் சுடும். கடிக்காமல் விட்டால் வயசு என்று விட்டுவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளை ஜெயித்தோம் என்று பிரகாசிக்கு இருந்தது. மதலேன் வயிறு திறக்கவே இல்லை. எந்தெந்தக் கோயிலுக்கோ வெறுங்காலோடு நடந்தாளாம், தொட்டில் நேர்ந்து கட்டினாளாம், ஊரில் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இறக்கிவிட மனசில்லாமல் பெற்றவள் வந்து பிடுங்கிக்கொண்டு போகவேண்டியிருக்குமாம். கடைசியில் மஞ்சக்காமாலையில் போனாள். பிரகாசி அப்படியில்லை. மூச்சில்லாமல் வந்தாலும் பத்து மாசம் சுமந்தாள். உள்ளே உதைத்ததை அவள் அறிவாள், கஸ்பாரின் கையைப் பிடித்து வைத்துக் காட்டியிருக்கிறாள், அவர் முகம் அன்றைக்குப் போன போக்கு மதலேன் ஒருநாளும் பார்க்காத முகம். அது தன்னுடையது. அதில் பங்கு கேட்டு யாரும் வரமுடியாது. இந்த நினைப்பு நல்ல நினைப்பில்லை என்று தெரியும், செத்தவளின் மலட்டுத்தனத்தை நினைத்து மனசு குளிர்வது எந்தக் கட்டளையில் சேர்த்தியோ, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் என்னவென்று சொல்வது. சாமி, நான் கொடி பிடுங்கினேன். எந்தக் கொடி மகளே. அடம்பு சாமி. அதில் என்ன பாவம். அவளுக்கே சிரிப்பு வந்தது, வெயிலில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள், சிரித்த வாயோடு சிலுவையில் எழுதியிருந்த பேரைப் பார்த்ததும் முதுகில் சில்லிட்டது. மணலுக்கடியில் படுத்துக்கொண்டு மேலே நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாளோ. போர்வையை உருவுகிறவள் யாரென்று பார்க்கிறாளோ. பக்கத்தில் ஒரு குழி அளவுக்கு வெறும் இடம் கிடந்தது. அது கஸ்பாருக்கு. மதலேனை அடக்கம் செய்த அன்றே உபதேசியாரிடம் சொல்லி ஒதுக்கி வைத்தது, ஊருக்கே தெரியும். அப்படியானால் பிரகாசி செத்தால் எங்கே வைப்பார்கள்? மேற்குக் கோடியில், பிள்ளையில்லாக் கிழவிகளையும் வந்தேறிகளையும் வைக்கிற வரிசையில். தீர்ப்புநாளில் எக்காளம் ஊதும்போது கஸ்பார் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்ப்பார், அங்கே மதலேன் இருப்பாள். பிரகாசி மேற்குக் கோடியிலிருந்து சேலையைத் தட்டிக்கொண்டு கூட்டத்தில் தேடி வரவேண்டும். நினைக்க நினைக்க அவள் கை வேகம் கொண்டது. இழுத்தாள், அறுத்தாள், சுருட்டி எறிந்தாள். குழி வெளியே தெரிய ஆரம்பித்தது, மணல் வெளிறிக் கிடந்தது, போதும் என்று தோன்றவில்லை.

ஏனென்றால் தாய்வேர் இங்கே இல்லை. எத்தனை கணுவை அறுத்தாலும் எல்லாம் பிள்ளை வேர், நூல் வேர். பெரிய கொடி, அவள் பெருவிரல் பருமன் இருந்த கொடி, குழியின் கால்மாட்டைத் தாண்டி எல்லை வேலிக்கடியில் நுழைந்து அந்தப்பக்கம் போயிருந்தது. அதை விட்டுவிட்டுப் போனால் வருகிற மழையில் மறுபடி இந்தப்பக்கம் வந்து மதலேனைப் போர்த்திவிடும். இப்போது பிரகாசிக்கு வேறெதுவும் ஞாபகமில்லை. உலையில்லை, மாமியாரில்லை, வள்ளம் வருகிற நேரமில்லை. எங்கே நட்டாரோ அங்கேயே போய் அடியோடு பெயர்த்துவிட வேண்டும். பாதி மணலில் புதைந்த பனைமட்டை வேலியை அகற்றிக்கொண்டு, மட்டையின் பல் சேலையைக் கிழித்ததைப் பார்க்காமல், கொடியைக் கையால் தடவிக்கொண்டே குனிந்தபடி போனாள். வேலிக்கு வெளியே மந்திரித்த மண் இல்லை. தூக்கில் தொங்கினவர்கள், எந்த ஊரென்று தெரியாமல் கரையொதுங்கின பிணங்கள், இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த இடம். பகலிலும் யாரும் கால் வைப்பதில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கொடி பருத்துக்கொண்டே போயிற்று, பருக்கப் பருக்க அவளுக்கு ஆத்திரமும் ஏறியது. வேலியிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்தான் இருக்கும். கொடிகளெல்லாம் ஒன்றுகூடி மண்ணுக்குள் இறங்குகிற இடம் வந்தது. கத்தியை ஓங்கினாள்.

ஓங்கின கை நின்றது. மண்ணை அணைத்துச் சின்ன மேடாகத் தட்டியிருந்தது. அவள் முழங்கை நீளம், அவ்வளவுதான். சுற்றிலும் வெள்ளைச் சிப்பியைக் கவிழ்த்து ஒன்றையொன்று தொடும்படி பதித்திருந்தது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்த தடம் மணலில் பள்ளமாக, தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்த தடம், சுற்றிலும் அணைந்த பீடித் துண்டுகள், கஸ்பார் பிடிக்கிற பீடியின் சிவப்பு நூல். கொடியின் இளங்கணுக்களில் மண்ணை ஒதுக்கி அழுத்தின விரல் அடையாளம், நேற்றைய விரல். பிரகாசிக்கு முதலில் எதுவும் புரியவில்லை, பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது, புரிந்ததும் மேட்டருகே மண்டியிட்டாள். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் படாத பிள்ளையை உள்ளே வைக்கமாட்டார்களே. இது அவளுக்குத் தெரியாதா? இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை? கிணற்றடியிலிருந்து பார்த்தால் வேலி தெரியாது; உள்ளேயும் வெளியேயும் ஒரே மணல்மேடாகத்தான் தெரியும். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இதைத்தான் தட்டிக்கொடுத்திருக்கிறார். இந்தக் கொடியை இதற்காகத்தான் நட்டிருக்கிறார். மதலேன்மேல் அவர் நடவே இல்லை, இங்கிருந்து அதுவாகத்தான் வேலியைத் தாண்டிப் போயிருக்கிறது. நான் என்ன செய்துவிட்டேன், எவ்வளவு அறுத்தேன், மாதாவே, ஓங்கின கை இறங்கியிருந்தால். கத்தியைத் தூர எறிந்தாள். இரண்டு கையையும் மேட்டின்மேல் வைத்தாள். மணல் சுட்டது. உள்ளே குளிராக இருக்குமா, இதற்குள் என்ன மிச்சம் இருக்கும், பஞ்சு மாதிரி எலும்பு, அதுவும் கரைந்திருக்கும். அழுகை வந்தது, ஓங்கி அழுதாள், அழுதுகொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் அந்தப் பழைய முள் திரும்பவும் குத்தியது. தலைநிமிர்ந்து பார்த்தாள். வேலிக்கு அந்தப்பக்கம், நேராக, மதலேனின் கால்மாடு. இத்தனை பெரிய மணல்மேட்டில், இத்தனை நீளக் கரையில், என் பிள்ளையைக் கொண்டுவந்து வைக்க அவருக்கு இவள் காலடியா கிடைத்தது? மூன்று வருஷம். தாய் இடம் தெரியாமல் கிணற்றடியில் நின்றாள், அவள் இங்கே பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கொடியை இழுத்து இருவருக்குமாகப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள். பெறாமலே பெற்றுவிட்டாள். நான் ஜெயித்தேன் என்று நினைத்த ஒன்றும் அவள் மடியில் போயிற்று.

வள்ளம் எப்போது வந்ததென்று தெரியவில்லை. நிழல் விழுந்ததைப் பார்த்துத் திரும்பினாள். கஸ்பார் நின்றுகொண்டிருந்தார், காலில் ஈரமணலும் மீன் செதிலும் ஒட்டியிருந்தது. சுண்ணாம்புக்குத் தண்ணீர் எடுக்க இறங்கின சலேத் வழியில் பார்த்துச் சொல்லியிருப்பாள், வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருக்கிறார். வேலிக்கு அப்பால் மொட்டையாகக் கிடந்த மதலேன் குழியைப் பார்த்தார், சுருட்டி எறிந்த கொடிக் குவியலைப் பார்த்தார், கடைசியாகப் பிரகாசியின் கை இருந்த இடத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாக உட்கார்ந்தார், அந்தப் பள்ளத்திலேயே, உடம்பு பழகின இடத்தில் போய் உட்காருவது போல.

"ஆணா, பொண்ணா?" என்று கேட்டாள்.

"பொட்டப்புள்ள."

"யாரு மாதிரி?"

விலகிக் கிடந்த சிப்பி ஒன்றை அவர் திரும்ப ஒட்டி வைத்தார். "நெத்தியும் மயிரும் ஒன்ன மாதிரித்தான். நெறைய மயிரு."

"இங்க எதுக்கு வச்சிய? வேற எடமே இல்லியா ஒங்களுக்கு?"

"உள்ள வைக்க விடல. அந்தால முள்ளுக்காட்டுல வைக்கச் சொன்னாவ. பச்சப்புள்ளய அங்க ஒத்தையில எப்பிடிப் போட்டுட்டு வருவேன்? மதலேன் இந்த ஓரத்துல கெடக்கா. நடுவுல வேலி ஒண்ணுதான். பாத்துக்கிடும்மான்னு அவகிட்ட சொல்லிட்டு வச்சேன். அடுத்த கச்சானுக்கு மண்ணு பறந்து போச்சி, நாய் வந்து கிண்டப் பாத்துச்சி. கொடி போட்டா மண்ணு நிக்கும்னு ஒரு கணு கொண்டாந்து நட்டேன். அவ குழிக்கு அது தானாப் போச்சி ஏளா, நான் விடல."

"அவகிட்ட சொன்னிய. எங்கிட்ட சொல்லல."

"அம்மை சொல்லப்பிடாதுன்னா. அடுத்தது தங்காதுன்னா."

"சொல்லாம இருந்தியளே, தங்கிச்சா?"

அவர் அறுந்து கிடந்த கொடித்துண்டு ஒன்றை எடுத்து, கணுவைப் பார்த்து மண்ணில் அழுத்தி, மேலே மணலைத் தள்ளினார். பிறகு உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலைப் பிரகாசி இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, வந்த இரக்கத்தின்மேல் கோபமும் வந்தது, தினமும் இங்கே தனியாக வந்து பீடியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இந்த மனுஷனை நினைத்து, அப்போதெல்லாம் தான் கிணற்றடியில் நின்று வைத வசவை எல்லாம் நினைத்து. அவளும் ஒரு துண்டை எடுத்துப் புதைத்தாள். தலைகீழாகப் புதைத்துவிட்டாள் போலிருக்கிறது, அவர் எடுத்துத் திருப்பி வைத்தார்.

"என்ன பேரு சொல்லிக் கூப்புடுவிய?" என்று கேட்டாள்.

"பேரு ஏது? தண்ணி ஊத்தாத பிள்ளைக்கு எப்பிடிப் பேரு வைக்க? புள்ளே, புள்ளேம்பேன்." அவர் வேலிப்பக்கம் பார்த்தார். "அவ என்ன பேரு சொல்லிக் கூப்புடுதாளோ, நமக்கென்ன தெரியும்."

விகல்பமில்லாமல் சொன்ன வார்த்தைதான். ஆனால் அது பிரகாசிக்குப் போய்த் தைத்தது. பேர் வைத்திருப்பாள். ஏன் வைத்திருக்கமாட்டாள்? பிள்ளைப் பைத்தியம் பிடித்தவள், தெருவில் போகிற பிள்ளையையெல்லாம் தூக்கினவள், மூன்று வருஷம் பேரில்லாமலா வைத்திருப்பாள். தனக்குப் பிறந்தால் வைக்கவேண்டும் என்று எத்தனை காலம் சேர்த்து வைத்திருந்த பேரோ, அதைத் தூக்கி என் மகளுக்கு வைத்துவிட்டு, காதோரம் சொல்லிச் சொல்லிப் பழக்கி, அதுவும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். நாளைக்கு நான் போய்ப் பெற்றவள் வந்திருக்கிறேன் என்று நின்றால் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன், அது என்னை யாரென்று பார்க்கும். பிரகாசி எழுந்தாள். உள்ளங்கையெல்லாம் கொடிப்பாலும் மணலும் அப்பிக் கிடந்தது. ஏளா, எங்க போற என்று கஸ்பார் கேட்டதைக் காதில் வாங்காமல் வேலியோரம் போய் நின்றாள். பனைமட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிலுவையை, அதில் எழுதியிருந்த பேரை, முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். சுண்ணாம்புச் சட்டியோடு தூரத்தில் நின்ற சலேத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

"மதலேனக்கா, எம்மவ பேரு அமலி. கேட்டியா? இனிமே அந்தப் பேரச் சொல்லித்தான் அவளக் கூப்புடணும். வேற பேரு வச்சிருந்தா மாத்திக்கிடு."